வளர்ந்த வீடு தந்ததை எடைபோட்டு, வளர்க்கும் வீட்டை அமைப்பது எப்படி

பிள்ளைகளுக்கு நேர்மை, பொறுமை, இரக்கம் ஆகியவற்றை ஊட்ட வேண்டும் என்று விரும்பும் பெற்றோர், அவற்றை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நாம் வளர்ந்த வீடு நமக்குள் எதை விட்டுச் சென்றிருக்கிறது என்று தெரியாத வரையில், கோபமோ களைப்போ மேலிடும் நேரத்தில் நாம் தேர்ந்துகொண்ட கொள்கை பின்னுக்குப் போய், அந்தப் பழைய வீட்டின் வழக்கமே நம் வாயிலிருந்து பேசும்.

ஆகவே முதலில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெற்றோரின் குணங்களை எழுதாமல், நடந்த நிகழ்ச்சிகளை எழுதுங்கள். ‘அப்பா கண்டிப்பானவர்’ என்ற வரியால் பயனில்லை. கண்ணாடிக் குவளை கைதவறி உடைந்த நாளில் யார் முதலில் ஓடி வந்தார், என்ன கேட்டார், நீங்கள் உண்மையைச் சொன்னீர்களா, சொன்ன பிறகு என்ன நடந்தது என்பவைதான் பயன்படும். பணத் தட்டுப்பாடு வந்த மாதங்களில் வீட்டில் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்களா, மறைத்தார்களா? விருந்தினர் விடைபெற்றுச் சென்று கதவைச் சாத்திய பிறகு அவரைப் பற்றி எப்படிப் பேசினார்கள்? பெரியவர்கள் உங்களிடம் மன்னிப்புக் கேட்டது உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை எழுத முயன்றபோது என் பேனா வெகுநேரம் நகரவில்லை; அந்தத் தயக்கமே எனக்கு ஒரு விடையாக இருந்தது.

எழுதும்போது பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவும் வேண்டாம், தெய்வமாக்கவும் வேண்டாம். 1980களில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் உளவியலாளர் மேரி மெயினும் அவருடைய குழுவினரும், பெற்றோர்களிடம் அவரவர் குழந்தைப் பருவத்தைப் பற்றி விரிவாகப் பேட்டி எடுத்தார்கள். அந்தப் பெற்றோருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இடையே பாதுகாப்பான பிணைப்பு இருந்ததா என்பதோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது, அவர்களின் குழந்தைப் பருவம் இனிமையாக இருந்ததா என்பதைக் காட்டிலும், அதை அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்பதுதான். கசப்பான பால்யத்தைக் கூட மழுப்பாமலும், அதிலேயே மூழ்கிப் போகாமலும், கோவையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு உறுதியான துணையாக இருக்க முடிந்தது. குறிப்பேட்டை நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே, அதைத் தொடரப்போகிறீர்களா, விடப்போகிறீர்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். விடுவதாகக் குறித்தவற்றுக்கு மட்டும், அதன் இடத்தில் என்ன செய்வீர்கள் என்று ஒரு வரி சேருங்கள்; வெறுமனே ‘அடிக்க மாட்டேன்’ என்பது, கை ஓங்கும் கணத்தில் நினைவுக்கு வராது.

அடுத்து, இப்போது நீங்கள் நடத்தும் வீட்டைக் கவனியுங்கள். பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே செய்கிறார்கள் என்பதை 1961இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா தம் சோதனையில் காட்டினார். காற்றடைத்த பொம்மையை ஒரு பெரியவர் அடிப்பதைப் பார்த்த குழந்தைகள், அவர் அடித்த விதத்தையும் சொன்ன சொற்களையும் சேர்த்தே பின்பற்றினார்கள். ஆனால் எல்லாச் செயல்களும் ஒரே அளவில் பதிவதில்லை என்பது என் கருத்து. நமக்கு நட்டம் வரும் இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைத்தான் பிள்ளை உற்றுப் பார்க்கிறது. கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கூடுதலாகத் தந்துவிட்டால் திரும்பிச் சென்று கொடுக்கிறோமா, பேச விரும்பாத ஒருவர் தொலைபேசியில் அழைத்தால் ‘வீட்டில் இல்லை என்று சொல்’ என்று பிள்ளையையே பொய் சொல்ல வைக்கிறோமா என்பவைதான் அந்த வீட்டின் உண்மையான பாடங்கள். ஒரு வாரம் இத்தகைய தருணங்களை மட்டும் இரவில் குறித்து வாருங்கள். நாம் மதிப்பதாகச் சொல்வதற்கும் உண்மையில் மதிப்பதற்கும் உள்ள இடைவெளி அதில் தெரியும்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். பொறுமை என்பது குழந்தையின் பிறவிக் குணம் என்றே பலர் எண்ணுகிறார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், செலஸ்ட் கிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 28 குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரிடம் பெரியவர், நல்ல வண்ணக் கருவிகள் கொண்டு வருவதாகச் சொல்லி, சொன்னபடியே கொண்டு வந்தார். மறு பிரிவினரிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். பிறகு ஒரு மிட்டாயை வைத்து, 15 நிமிடம் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்றார்கள். வாக்குத் தவறாத பெரியவரைக் கண்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம்தான் பொறுத்தார்கள். பெரியவர் சொல் நிற்காத இடத்தில் காத்திருக்காமல் இருப்பது குழந்தையின் குறையன்று, அது சரியான கணிப்பு. எனவே குறைவாக வாக்குக் கொடுங்கள். கொடுத்ததை எழுதி வையுங்கள். முடியாமல் போனால் பிள்ளை கேட்பதற்கு முன் நீங்களே சென்று சொல்லி, மாற்று நாளையும் அப்போதே குறித்துவிடுங்கள்.

கண்டிப்பு வேண்டுமா, அன்பு போதுமா என்ற பழைய வாதத்தில் நீண்ட நேரம் நிற்கத் தேவையில்லை. அன்பும் எல்லையும் காரணம் சொல்லும் பழக்கமும் சேர்ந்திருக்கும் வளர்ப்பே நல்ல பலன் தருகிறது என்பதை 1960களிலேயே உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் எடுத்துக்காட்டிவிட்டார்.

அதைவிடக் கடினமானது, நாம் தவறிய பிறகு என்ன செய்வது என்பது. எந்த வீட்டிலும் குரல் உயரும். அதன் பின்னால் வரும் ஒரு மணி நேரம்தான் பிள்ளையின் குணத்தில் ஆழமாகப் பதிகிறது என்று நான் நம்புகிறேன். அன்றைய பொழுது முடிவதற்குள், பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்ந்து அமர்ந்து, செய்ததைப் பெயர் சொல்லிக் கூறுங்கள்: ‘உன்னைப் பேசவிடாமல் கத்தினேன், அது தவறு.’ அதோடு நிறுத்துங்கள். ‘நீ அப்படிச் செய்ததால்தானே’ என்று தொடர்ந்தால், மன்னிப்பு பிள்ளையின் மீதான குற்றச்சாட்டாக மாறிவிடும். பிள்ளையின் தவறைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் மறுநாள் பேசுங்கள். உடனே சமாதானமாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

இவ்வளவையும் செய்தாலும் வீட்டால் எல்லாவற்றையும் வடித்துவிட முடியாது. 1979இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தொடங்கிய ஆய்வு, குழந்தையிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களிடையே இயல்பில் வியக்கத்தக்க ஒற்றுமையைக் கண்டது. கூச்சமும் துடிப்பும் பெருமளவு பிள்ளையோடு பிறந்தே வருபவை. கூச்சமுள்ள பிள்ளையைக் கூட்டத்தின் நடுவே தள்ளிப் பேச வைப்பதை விட்டு, அந்த இயல்போடு எப்படி நேர்மையாக வாழ்வது என்று கற்றுத் தருவதே வீட்டின் பணி.

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்ற பழமொழியையும் முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னரும் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் எனப் பல இடர்களுக்கிடையே வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், பொறுப்பும் பரிவும் உள்ளவராகவே வளர்ந்தார். அத்தகையவர்களுக்கு, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, ஆசிரியரோ, நம்பிப் பற்றிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தார். உங்கள் குறிப்பேட்டில் அப்படி ஒருவரின் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்து, அவரும் உயிரோடிருந்தால், போய்ப் பாருங்கள். உங்கள் பிள்ளைக்கும் உங்களைத் தவிர அத்தகைய ஒருவர் கிடைக்க வழி செய்யுங்கள். அவரோடு பேசிவிட்டு வரும் பிள்ளையிடம், அங்கே என்ன பேசினாய் என்று கேட்காதீர்கள்.