பாகுபாட்டுப் புகார்: அரசு ஊழியர்கள் தவறவிடக் கூடாத கெடுக்கள்

அரசு அலுவலகத்தில் பாகுபாடு நடந்தால் அதற்கென்று ஒரே இடம், ஒரே கெடு என்று எதுவும் கிடையாது. பாலியல் தொல்லைக்கு ஒரு கெடு, ஆண்டு மதிப்பீட்டில் மார்க்கைக் குறைத்ததற்கு ஒரு கெடு, பதவி உயர்வு மறுத்ததற்கு வேறொரு கெடு. எல்லாம் தனித்தனியாக ஓடுகின்றன. ஓரிடத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் இன்னோர் இடத்தில் நாள் நின்றுவிடாது. சாட்சியும் ஆவணமும் கையில் இருந்தும், நாள் கடந்துபோன ஒரே காரணத்தால் வழக்கு தள்ளுபடியாவதைப் போலக் கொடுமை வேறில்லை.

முதலில் நீங்கள் யாருடைய ஊழியர் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), அஞ்சல் துறை, வருமான வரித் துறை போன்ற மத்திய அரசுப் பணி என்றால், பணி சார்ந்த வழக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகும். அது உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. தலைமைச் செயலகம், எழிலகம், டி.எம்.எஸ். வளாகம் என மாநில அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இப்போது தனித் தீர்ப்பாயம் இல்லை. 1988-இல் தொடங்கிய தமிழ்நாடு நிர்வாகத் தீர்ப்பாயம் பிறகு கலைக்கப்பட்டுவிட்டது. அவர்கள் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்ய வேண்டும்.

நாளை நிரூபிக்கும் காகிதம்

கெடு பெரும்பாலும் ஆர்டர் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து கணக்காகும். ஆர்டரில் அச்சான தேதியும் கைக்கு வந்த தேதியும் வேறு வேறாக இருப்பது சகஜம். எனவே கையெழுத்துப் போடும்போது கீழே அன்றைய தேதியையும் எழுதுங்கள். முன்தேதி போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தபாலில் வந்தால் உறையைக் கிழித்தெறியாமல், முத்திரை தெரியும்படி ஆர்டருடன் சேர்த்துப் பின் செய்து வையுங்கள்.

நீங்கள் கொடுக்கும் மனுவுக்கும் இதே கவனம் வேண்டும். தபால் செக்‌ஷனில் உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். ரப்பர் ஸ்டாம்பில் தேதிச் சக்கரம் தேய்ந்து, மாதம் மட்டும் மங்கலாக விழுந்திருக்கும். அங்கேயே பார்த்து, பேனாவால் தேதியை எழுதி இனிஷியல் போடச் சொல்லுங்கள். முத்திரை வைக்க மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு, ரசீதையும் சேர்ந்ததற்கான டிராக்கிங் பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். முறையான வழியில் மேலதிகாரி மூலமாக அனுப்பும் மனு அவர் மேசையிலேயே கிடந்துபோவது உண்டு. முடிவெடுக்கும் அதிகாரிக்கு ஒரு முன்நகலும் அனுப்புவது நல்லது.

பாலியல் தொல்லை: மூன்று மாதம்

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சம்பவம் நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள், இந்தப் புகார்களை விசாரிக்க அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். தாமதத்துக்குக் காரணம் சரியாக இருந்தால் குழு அதை எழுத்தில் பதிவுசெய்து இன்னும் 3 மாதம் வரை நீட்டலாம். அதற்கு மேல் நீட்டக் குழுவுக்கு அதிகாரம் இல்லை. காலம் கடந்து கொடுப்பவர்கள், மருத்துவச் சான்றோ மிரட்டல் வந்த மெசேஜோ எது இருந்தாலும் சேர்த்து, தாமதம் ஏன் என்று தனிப் பத்தியாகப் புகாரிலேயே எழுதிவிட வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தொல்லை கொடுத்தவரே பிறகு பழிவாங்கும் விதமாக மெமோ கொடுப்பார், பொறுப்பிலிருந்து நீக்குவார். அதையே கடைசிச் சம்பவமாகக் கணக்கிட்டு நிதானமாக இருந்துவிடுவார்கள். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு பல்கலைக்கழக வழக்கில், பின்னால் வந்த நிர்வாக நடவடிக்கை தானாகவே பாலியல் தொல்லையின் தொடர்ச்சி ஆகிவிடாது என்று சொல்லி, காலம் கடந்த புகார் என்ற முடிவை உறுதிசெய்தது. ஆகவே பாலியல் நோக்குள்ள கடைசிச் செயல் எது என்று பார்த்து, அங்கிருந்தே எண்ணுங்கள்.

புகாரை 6 பிரதிகளாக, ஆவணங்களும் சாட்சிகளின் பெயர், முகவரியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எழுத முடியாத நிலையில் இருந்தால் எழுத உதவுவது குழுவின் கடமை. குழு 7 வேலை நாளில் எதிர்த்தரப்புக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும், அவர் 10 வேலை நாளில் பதில் தர வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது உங்களுக்கு இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம். குழுவின் பரிந்துரையில் குறை இருந்தால் மேல்முறையீட்டுக்கு 90 நாள்.

மதிப்பீடும் தண்டனையும்

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையின் நகல் கைக்கு வந்ததும் ஆட்சேபம் தெரிவிக்க 15 நாள்தான். எல்லாக் கெடுக்களிலும் சுலபமாகக் கைநழுவுவது இதுவே. பாகுபாடு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: வாயால் ஒன்றும் சொல்லாமல், கிரேடை மட்டும் குறைத்துவிடுவார்கள். ‘சாதி பார்த்து எழுதிவிட்டார்’ என்று மட்டும் எழுதினால் நிற்காது. முந்தைய ஆண்டுகளின் கிரேடு, இந்த ஆண்டு முடித்த வேலை, குறையைச் சுட்டி மெமோ எதுவும் வந்ததில்லை என்ற விவரம், இதே வேலை செய்த மற்றவருக்குக் கிடைத்த கிரேடு தெரிந்தால் அதுவும் சேர்த்து எழுத வேண்டும்.

ஒழுங்கு நடவடிக்கையில் தண்டனை வந்தால், 1965-ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப்பணி விதிகளின் கீழ் மேல்முறையீட்டுக்கு 45 நாள். ரயில்வே விதிகளிலும் 45 நாள்தான். ஒன்றரை மாதம் என்று குத்துமதிப்பாக எண்ணாமல் காலண்டரில் நாளை எண்ணிப் பாருங்கள்.

தீர்ப்பாயத்தின் ஓராண்டு

1985-ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டம் இரண்டு நிபந்தனை போடுகிறது. துறைக்குள் இருக்கும் வழிகளை முதலில் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்கிறது பிரிவு 20. இறுதி ஆணை வந்து ஓராண்டுக்குள் வர வேண்டும் என்கிறது பிரிவு 21. துறை பதிலே தராவிட்டால் 6 மாதம் காத்திருந்து, அது முடிந்த நாளிலிருந்து ஓராண்டு.

ஓர் உதாரணம். 3.6.2024 அன்று பதவி உயர்வு மறுத்து ஆணை வருகிறது. 20.6.2024 அன்று விதிப்படி முறையீடு கொடுக்கிறீர்கள். 15.11.2024 அன்று நிராகரித்து ஆணை கைக்கு வந்தால் 15.11.2025-க்குள் தீர்ப்பாயத்தில் இருக்க வேண்டும். பதிலே வராவிட்டால் 20.12.2024-இல் 6 மாதம் முடிகிறது. கடைசி நாள் 20.12.2025. இடையில் 5 நினைவூட்டல் எழுதினாலும் இந்தத் தேதி ஒரு நாள்கூட நகராது. திரும்பத் திரும்ப மனு போடுவதால் காலம் நீளாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே ஏழு நீதிபதிகள் அமர்வில் சொல்லிவிட்டது. காலாவதியான கோரிக்கைக்குத் துறை பிறகு பதில் அனுப்பினாலும் பழைய உரிமை உயிர்பெறாது என்று 2008-இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு மனு, குடியரசுத் தலைவருக்கு விண்ணப்பம் என்று எழுதிக்கொண்டே ஆண்டைக் கழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தீர்ப்பாய மனுவுக்கான கட்டணம் 50 ரூபாய். காலம் கடந்திருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைத் தனியாக, பிரமாணப் பத்திரத்துடன் சேர்த்தே போட வேண்டும். ‘அலுவலகத்தில் பார்க்கிறோம் என்றார்கள்’ என்ற காரணம் அங்கே செல்லாது. சம்பளமோ ஓய்வூதியமோ மாதாமாதம் குறைத்துத் தரப்படும் வழக்குகளில் மட்டும் தீங்கு தொடர்வதாகக் கருதுவார்கள். அப்போதும் நிலுவையைப் பொதுவாக 3 ஆண்டுக்கு மேல் பின்னோக்கித் தருவதில்லை.

மாநில ஊழியர்களுக்கு ரிட் மனுவில் சட்டம் விதித்த கெடு இல்லை. அதை நம்பி இருக்க வேண்டாம். விளக்கமில்லாத தாமதத்துக்காகவே மனுவைத் தள்ளுவது நடக்கிறது. ஜூனியர்களுக்குப் பேனலில், அதாவது பதவி உயர்வுப் பட்டியலில், இடம் கிடைத்து அவர்கள் பொறுப்பேற்றும் விட்டால் கலைக்க நீதிமன்றம் தயங்கும். ஓராண்டைத்தான் உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சமூகத்தினர்

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும். உங்கள் புகாரைப் பதிவேட்டில் ஏற்றிய 2 வாரத்தில் அவர் விசாரிக்க வேண்டும். பதிவேட்டு எண்ணைக் கேட்டு வாங்காவிட்டால் அந்த 2 வாரம் தொடங்கியதற்கே ஆதாரம் இருக்காது. திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழு. மாநில ஆணையரையும் அணுகலாம். அவர் பரிந்துரைத்தால் துறை 3 மாதத்துக்குள் என்ன செய்தது என்று தெரிவிக்க வேண்டும். பணியில் இருக்கும்போது உடல் குறைபாடு ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்பதும் இதே சட்டத்தில், பிரிவு 20-இல் இருக்கிறது.

பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையத்தின் அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ளது. கோப்புகளை வரவழைக்க, அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இடமாற்றத்துக்கோ பதவி உயர்வுக்கோ அது தடை விதிக்க முடியாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஊழியர் சங்கத்தின் வழக்கு. உடனடித் தடை வேண்டுமென்றால் தீர்ப்பாயமோ உயர் நீதிமன்றமோதான். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் அது குற்ற வழக்கு. காவல் நிலையத்தில் தனியே புகார் கொடுங்கள், நாள் கடத்தாதீர்கள். மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக் கெடு உண்டு, ஆனால் பணி சார்ந்த விவகாரங்களைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை.

சீனியாரிட்டி பட்டியல், பேனல் கோப்புக் குறிப்பு போன்றவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள். ஆர்டர் வந்த வாரமே விண்ணப்பித்தால்தான் முறையீட்டில் அந்தத் தாள்கள் பயன்படும். அவை வரவில்லை என்பதற்காக முறையீட்டைத் தள்ளிவைக்க வேண்டாம். இருப்பதை வைத்து எழுதிவிட்டு, மீதியைக் கூடுதல் மனுவாகச் சேருங்கள்.

வக்கீல் செலவுக்கு அஞ்சிக் கெடுவை விட்டுவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்திலேயே இருக்கிறது. மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கும்போது ஆர்டர் நகல், கையில் கிடைத்த தேதிக்கான சான்று, முத்திரை வாங்கிய மனு மூன்றையும் கொண்டுபோங்கள். கெடு முடியும் தேதியை விண்ணப்பத்தின் மேலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள்.