வீட்டுக்கே ஒரு வைட்டமின் பாட்டில்: வயதுக்கு வயது நடக்கும் தவறுகள்

அலமாரியில் ஒரு மல்டிவைட்டமின் பாட்டில். அப்பாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, கல்லூரிக்குப் போகும் மகளுக்கு ஒன்று, பள்ளிக்குப் போகும் பையனுக்குப் பாதி. நல்ல எண்ணம்தான். ஆனால் கைக்குழந்தைக்குக் குறைவதும் எழுபது வயதில் குறைவதும் ஒன்றல்ல. குறைவதற்கான காரணமும் வேறு.

தாய்ப்பாலில் எல்லாம் இருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் சரி, வைட்டமின் டி மட்டும் அதில் மிகக் குறைவு. அதனால்தான் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு 400 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) சொட்டு மருந்து எழுதிக் கொடுக்கிறார்கள். கொடுக்க மறப்பதைவிட அளவில் தவறுவதுதான் எனக்குப் பயம். ஒரு தயாரிப்பில் அந்த 400 ஐ.யு. ஒரே சொட்டில் இருக்கும். இன்னொன்றில் ஒரு மில்லி கொடுத்தால்தான் 400 வரும். பிராண்டு மாறியதைக் கவனிக்காமல், பழைய பழக்கத்தில் ஒரு மில்லி கொடுத்துவிட்டால் இருபது மடங்குக்கு மேல் ஏறிவிடும். பாட்டிலோடு வந்த சொட்டுக்குழாயைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் மாதிரி வைட்டமின் வாங்கித் தருகிறோம். 'இது மிட்டாய்' என்று ஆசை காட்டிக் கொடுப்பதுதான் அங்கே தவறு. இரும்புச்சத்து சேர்ந்த மாத்திரைகளைச் சிறு குழந்தை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில், பூட்டி வையுங்கள்.

இளம் பெண்கள் விஷயத்தில் தவறுவது காலக்கணக்கு. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, டாக்டரைப் பார்க்கப் போவதற்குள் அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். ஆகவே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்க வேண்டும். இதற்கு நேரெதிர் வைட்டமின் ஏ. உடல் நேரடியாகப் பயன்படுத்தும் ரெட்டினால் வடிவில் நாளுக்கு 10,000 ஐ.யு.வைத் தாண்டினால் கருவுக்குக் குறைபாடு வரக்கூடும். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயினும் இதே குடும்பத்து மருந்துதான். கர்ப்பத்தில் அதை எடுக்கவே கூடாது. கேரட்டுக்கோ கீரைக்கோ பயப்பட வேண்டாம், அவற்றில் இருக்கும் பீட்டா கரோட்டினைத் தேவைக்கு ஏற்பத்தான் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது.

அந்த பீட்டா கரோட்டினையே மாத்திரையாக்கிப் புகைபிடிப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. 'இயற்கைச் சத்துதானே, கூடினால் என்ன' என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

நடுவயதில் தவறுகள் பெரும்பாலும் கடையிலேயே தொடங்குகின்றன. முடி கொட்டுகிறது என்று 10 மில்லிகிராம் பயோட்டின் வாங்குகிறார்கள். நாளுக்குப் போதுமான அளவு 30 மைக்ரோகிராம்தான். முடி வளருமோ இல்லையோ, தைராய்டு ரத்தப் பரிசோதனை தப்பாக வரலாம். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் அப்படியே. ரத்தம் கொடுக்கும் முன் பயோட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். கால் மரத்துப்போகிறது என்று வாங்கும் 'நரம்பு மாத்திரை'யில் பி6 அதிகமாக இருந்து, மாதக்கணக்கில் தொடர்ந்தால், அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும். வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தந்த அதிக அளவு வைட்டமின் டி-யைத் தினமும் போடுகிறவர்களும் உண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், கடைசியில் சிறுநீரகக் கோளாறு வரை போகும்.

முதியவர்களிடம் கதை வேறு. 'நன்றாகத்தானே சாப்பிடுகிறார், எப்படிக் குறையும்?' என்று கேட்போம். பி12 உணவில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். வயதாக ஆகப் பலருக்கு அந்த அமிலம் குறைகிறது. அசிடிட்டி மாத்திரையை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு இன்னும் குறையும். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினும் பி12 உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான இருப்பு இருப்பதால் குறைவு உடனே வெளியே தெரியாது. பிறகு தள்ளாட்டம், பாதத்தில் எரிச்சல், மறதி. 'வயசாச்சு' என்று விட்டுவிடுகிறோம், அதுதான் இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிக வருத்தமான தவறு.

சோர்வாக இருக்கிறார் என்று வெறும் ஃபோலிக் அமிலத்தை அதிகமாகக் கொடுப்பது இன்னொரு ஆபத்து. பி12 குறைவால் வந்த ரத்தசோகை சரியாகி ஹீமோகுளோபின் ஏறிவிடும். நரம்புச் சிதைவோ பின்னால் நடந்துகொண்டே இருக்கும். அதனால் பி12 அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும். குறைவு என்றால் எல்லோருக்கும் ஊசிதான் என்றில்லை. 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் உறிஞ்சும் வழி பழுதானவர்களுக்கும் சுமார் ஒரு சதவீதம் உள்ளே போகும், அதாவது 10 மைக்ரோகிராம். நாளுக்குத் தேவை 2.4. ஆனால் நரம்புப் பாதிப்பு தொடங்கிவிட்டால் டாக்டர்கள் ஊசியையே முதலில் எடுப்பார்கள்.