மெடிக்கல் பில்லிங்: ரீசப்மிட் அழுத்தும் முன்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் டிகிரி முடித்துவிட்டு ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு பஸ் ஏறுகிறவர்களில் சிலர் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான பில்லிங் வேலையில், அதாவது சிகிச்சைச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு வாங்கும் வேலையில் சேர்கிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். இப்போது தர்மபுரி வீட்டிலிருந்தே ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கோடிங்கை (நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடு போடுவதை) நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை பணம் சிக்குவது அங்கே குறைவு. பெயர், தேதி அடிக்கும் இடத்திலும், டினையலை (பரிசீலித்தபின் பணம் தர மறுத்து வரும் பதிலை) படிக்காத அவசரத்திலும்தான் அதிகம் சிக்குகிறது.

சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு கிளெய்முக்கு (இன்சூரன்ஸுக்கு அனுப்பும் பில்லுக்கு) பணம் வரவில்லை என்று ரீசப்மிட் அழுத்தித் திரும்ப அனுப்பினேன். சிஓ 18, அதாவது டூப்ளிகேட் என்று வந்தது. சிஓ என்றால் நோயாளியிடம் கேட்க முடியாத தொகை, பக்கத்து எண் காரணம். மறுபடி அனுப்பினேன், மறுபடி அதே 18. டீம் லீடர் அக்கா ஒன்றுதான் கேட்டார்: "முதல்ல அனுப்புனது என்னாச்சுன்னு பாத்தியா?" பார்க்கவில்லை. அது எப்போதோ டினை ஆகி, காரணத்தோடு இஓபி (இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் விளக்கத் தாள்) வந்து கிடந்தது. நான் பதில் சொல்ல வேண்டியது அந்தக் காரணத்துக்கு; 18க்கு அல்ல.

ரிஜெக்‌ஷனையும் டினையலையும் ஒன்றாக நினைப்பது இதைவிட மோசம். ரிஜெக்‌ஷன் ஆன கிளெய்ம் இன்சூரன்ஸ் கம்பெனியின் பரிசீலனைக்கே போகவில்லை. அதற்கு அப்பீல் (மேல்முறையீடு) கிடையாது. திருத்தி அனுப்ப வேண்டியதுதான். 'அனுப்பியாச்சு' என்று நாம் இருக்க, கிளெய்ம் அனுப்புவதற்கான கெடு ஓடிக்கொண்டிருக்கும். மெடிகேருக்கு (முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) சிகிச்சை நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் அவகாசம் உண்டு. தனியார் கம்பெனிகளில் சிலவற்றுக்கு 90 நாள்தான். தாண்டினால் சிஓ 29, கெடு முடிந்தது என்று வரும். அதனால் கிளியரிங்ஹவுஸ் (கிளெய்மைச் சரிபார்த்துக் கம்பெனிக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனம்) ரிப்போர்ட்டைத் தினமும் திறந்து பாருங்கள்.

தேதி நம் ஊர்க்காரர்களுக்கென்றே வைத்த கண்ணி. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. போனில் "மார்ச் 4" என்று காதில் விழுந்தால் நம் கை 04/03 என்று அடித்துவிடும். நாள் 12க்கு மேல் என்றால் சாஃப்ட்வேரே தடுக்கும். 12க்குள் இருந்தால் சத்தமில்லாமல் உள்ளே போய், அப்படி ஒரு நோயாளியே இல்லை என்று திரும்பி வரும். மெடிகேர் நம்பரில் ஒரு வசதி உண்டு: அந்த 11 இடங்களில் எஸ் (S), எல் (L), ஓ (O), ஐ (I), பி (B), இசட் (Z) ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் பூஜ்யம்தான், யோசிக்க வேண்டாம்.

அப்புறம் பேமென்ட் போஸ்டிங், அதாவது வந்த பணத்தைக் கணக்கில் ஏற்றுவது. சிஓ என்று பார்த்ததும் தள்ளுபடி செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிஓ 45 ஒப்பந்தப்படி கழிக்க வேண்டிய தொகை, சரி. சிஓ 16 அப்படியில்லை. தகவல் குறைகிறது அல்லது பில்லில் பிழை என்று அர்த்தம். கூடவே வரும் ரிமார்க் கோடைப் படித்துத் திருத்தினால் பணம் வர வாய்ப்புண்டு. பிஆர் என்று வருவது நோயாளியின் பங்கு: 1 டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நோயாளி கட்டுவது), 2 கோஇன்சூரன்ஸ் (சதவீதப் பங்கு), 3 கோபே (நிலையான தொகை). இதை மாற்றிப் போட்டால், கட்ட வேண்டாத பில் யாரோ ஒரு வயதானவர் வீட்டுக்குப் போய் நிற்கும்.

மாடிஃபயர் 25, 59 (இது தனிச் சேவை என்று காட்ட கோடோடு சேர்க்கும் எண்கள்) போட்டால் பணம் வந்துவிடும் என்று சீனியர் யாராவது சொல்லித் தருவார்கள். டாக்டர் நோட்ஸில் ஆதாரம் இல்லாமல் போடாதீர்கள். அது சாமர்த்தியம் இல்லை, மோசடி, ஆடிட்டில் மாட்டும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு ஒன்று. சந்தேகம் கேட்க ஸ்கிரீனைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 1996ஆம் வருடத்து ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி நோயாளி விவரம் வெளியே போகக் கூடாது. போனில் பேசும்போது பெயரையும் பிறந்த தேதியையும் காகிதத்தில் கிறுக்குவது கூடத் தப்பு. போன மாதம் என் பெண் நோட்டு என்று நினைத்து அப்படி ஒரு தாளை எடுத்து வந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து மேஜையில் பேனாவே வைப்பதில்லை.