ஜப்பானில் மொழித் தடையைச் சமாளிப்பது எப்படி: தமிழ்ப் பயணிகளுக்கு

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்பவர்களில் பலர், கிளம்புவதற்கு முன் ஒரு சொற்றொடர்ப் பட்டியலைப் பதிவிறக்கி மனப்பாடம் செய்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அத்தகைய பட்டியல்களில் பெரும்பாலும் கேள்விகளே நிறைந்திருக்கின்றன. எதிரில் நிற்பவர் என்ன பதில் சொல்வார் என்பதைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. ‘நிலையம் எங்கே இருக்கிறது’ என்று ஜப்பானிய மொழியில் திருத்தமாகக் கேட்டுவிட்டால், இவருக்கு மொழி தெரியும் என்று நம்பிக்கொண்டு அவர் மளமளவென்று வழி சொல்லத் தொடங்கிவிடுவார். எனவே, தமக்குப் புரியக்கூடிய பதில் மட்டுமே வரும்படி கேள்வியை அமைத்துக்கொள்வதுதான் குறுகிய காலப் பயணி கற்க வேண்டிய முதல் பாடம்.

‘எங்கே’, ‘எப்படி’, ‘ஏன்’ என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டு, ஆம் அல்லது இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைக் கேளுங்கள். நடைமேடையில் நிற்கும் ஊழியரிடம் ‘கியோட்டோ வண்டி எங்கே வரும்’ என்று கேட்பதைவிட, நிற்கும் வண்டியைக் காட்டி ‘கியோதொ எ இகிமஸ் க’ (கியோட்டோவுக்குப் போகிறதா) என்று கேட்பது மேல். ‘ஹை’ என்றால் ஏறிக்கொள்ளலாம். முகத்துக்கு முன்னால் கையை விசிறிபோல் அசைத்தாலோ, ‘சொத்தொ...’ என்று இழுத்து நிறுத்தினாலோ ‘இல்லை’ என்று கொள்ளுங்கள். முகத்துக்கு நேராக மறுப்பதை அங்கே பெரும்பாலும் தவிர்ப்பார்கள். ஆனால் நீங்கள் நீளமாகப் பேசும்போது இடையிடையே வரும் ‘ஹை’ நம் ஊர் ‘ம்’ போன்றது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் சம்மதம் எதுவும் இல்லை.

மேற்கண்ட கேள்வியைச் சற்று உற்றுப் பார்த்தால் தமிழருக்குள்ள வசதி புலப்படும். ‘எ’ என்பது நம் ‘கு’ உருபின் வேலையைச் செய்கிறது, வினை கடைசியில் வருகிறது, ‘க’ என்பது நம் ‘ஆ’ போல வாக்கியத்தின் இறுதியில் ஒட்டிக் கேள்வியாக்குகிறது. ‘கொரெ, ஸொரெ, அரெ, தொரெ’ என்னும் வரிசை ‘இது, உது, அது, எது’ என்பதற்கு நேராக நிற்கிறது. யாழ்ப்பாணத் தமிழில் ‘உது’ இன்றும் வழக்கில் இருப்பதால், ஈழத்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டதும், மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்காததும் தனிக் கதை. நமக்கு வேண்டியது, வாக்கியத்தை ஆங்கிலத்தில் யோசிக்காமல் தமிழிலேயே யோசித்து, சொற்களை மட்டும் மாற்றிப் போடும் பழக்கம். ஆங்கில வழிப் பாடநூலில் பக்கக்கணக்கில் நீளும் விளக்கங்களில் பாதியை இதனால் தாண்டிவிடலாம்.

உச்சரிப்பிலும் குறில், நெடில், இரட்டிப்பு ஆகியவை நமக்குப் பழகியவையே. ‘ஒபஸன்’ என்றால் அத்தை, ‘ஒபாஸன்’ என்றால் பாட்டி; ‘கித்தெ’ தபால்தலை, ‘கிதெ’ என்றால் வா என்னும் பொருள். இந்த வேறுபாட்டைக் கேட்பதில் ஆங்கிலேயர் படும் பாடு நமக்கில்லை. ஆனால் குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எடுக்கும்போது வேறொரு சிக்கல் வந்து சேரும். சாவிக்குரிய சொல்லில் இரண்டாவது எழுத்து ‘தங்கம்’ என்பதில் வரும் மெலிந்த ஒலி. சிப்பிக்குரிய சொல்லில் அதே இடத்தில் ‘பக்கம்’ என்பதில் வரும் வல்லொலி. இரண்டையும் நாம் ‘ககி’ என்றே எழுத முடியும். வல்லொலியைக் காட்ட ‘கக்கி’ என்று எழுதினால் இரட்டிப்பாகிவிடும், அதுவும் பிழை. ஆகவே மெலிந்து ஒலிக்கும் க, த, ப எழுத்துகளின் கீழ் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இல்லையேல் விடுதி வரவேற்பறையில் சாவிக்குப் பதில் சிப்பி கேட்பீர்கள்.

எழுத்துமுறையைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் கற்க ஆசைப்பட வேண்டாம். ஒலிகளைக் குறிக்கும் ஹிரகானா, கத்தகானா இரண்டிலும் அடிப்படை எழுத்துகள் தலா 46. சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் ‘கஞ்சி’ எழுத்துகளோ பொதுப் பயன்பாட்டுக்கு மட்டும் 2136. நேரம் குறைவாக இருந்தால் கத்தகானாவை முதலில் படியுங்கள் என்பேன், பாடநூல்கள் ஹிரகானாவில் தொடங்கினாலும். காபி, பீர், கறி, ஹோட்டல், டாக்சி போன்ற வெளிமொழிச் சொற்கள் அதில்தான் எழுதப்படுகின்றன. எழுத்துக் கூட்டி வாசித்தாலே பொருள் விளங்கிவிடும். கஞ்சியில் நாலைந்து வடிவங்கள் போதும். வெளியேறும் வழியைக் குறிக்கும் சொல்லில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரு மலைகள் போன்ற எழுத்தும் அடுத்து ஒரு வெற்றுச் சதுரமும் இருக்கும். வெந்நீர்க் குளியலிடங்களின் திரைகளில், நான்கு கட்டமாகப் பிரித்த சதுரம் மேலே உள்ள எழுத்து ஆண்களுக்குரியது. திரையின் நிறத்தை மட்டும் நம்பி உள்ளே நுழைய வேண்டாம். டோக்கியோ சுரங்க ரயிலில் நிலையப் பெயர்கள் வாயில் நுழையாவிட்டால், 2004 முதல் ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ள எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு கைகொடுக்கும். கின்ஸா தடத்தில் கின்ஸா நிலையம் ‘ஜி 09’.

எண்களில் பத்தாயிரத்துக்கு ‘மன்’ என்று தனி அலகு உண்டு. பத்து ‘மன்’ சேர்ந்தால் நம் ஒரு லட்சம் என்று நினைவில் வைத்தால் விலைகள் மிரட்டா. நூறு ‘ஹ்யகு’ என்றாலும் முந்நூறு, அறுநூறு, எண்ணூறு ஆகியவற்றில் அது வடிவம் மாறும். ‘தொள்ளாயிரம்’ சொல்லிப் பழகிய நாவுக்கு அது பெரிய துன்பமில்லை. மணி கேட்கும்போதுதான் கவனம் வேண்டும்: ஒரு மணி ‘இசி’, ஏழு மணி ‘ஷிசி’ என்று தொடங்கும், இரைச்சலில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். எழுதித் தரச் சொல்லிவிடுங்கள்: ‘கைதெ குதஸை’.

சிறு கடைகளில் பணம் செலுத்தும்போது ஊழியர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். பை வேண்டுமா (பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலை முதல் கட்டணம்), உணவைச் சூடாக்கட்டுமா, வாங்கும்போது புள்ளி சேர்க்கும் அட்டை உள்ளதா. ‘ஃபுகுரொ’ என்று காதில் விழுந்தால் பை, ‘அததமெ’ என்று விழுந்தால் சூடாக்குவது. வேண்டுமென்றால் ‘ஒனெகை ஷிமஸ்’, வேண்டாமென்றால் ‘தைஜோபு தெஸ்’.

சைவ உணவுக்காரர்கள்தான் இன்னும் அதிக முன்னேற்பாடு செய்ய வேண்டும். ‘நிகு’ என்றால் இறைச்சி. ஆனால் ‘நிகு வேண்டாம்’ என்றால் மீன் சம்மதம் என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள். ‘நிகு மொ ஸகன மொ தபெமஸென்’ என்று சொல்லுங்கள். ‘இறைச்சியும் மீனும் உண்பதில்லை’ என்பதில் வரும் ‘உம்’ போலவே ‘மொ’ இருமுறை வருகிறது. அத்துடன் முடியவில்லை. உலர்த்திய சூரை மீனைச் செதுக்கிக் கொதிக்க வைத்து எடுக்கும் ‘தஷி’ என்னும் சாறு மிசோ சூப்பிலும் ‘ஊதொன்’ என்னும் தடித்த கோதுமை நூடுல்ஸின் குழம்பிலும், பார்ப்பதற்குச் சைவமாகவே தோன்றும் இனிப்பு டோஃபு உறையிலும்கூட இருக்கக்கூடும். பொட்டலங்களில் முட்டை, பால், இறால், நண்டு ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டியது கட்டாயம். மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. எனவே மீன் சாறும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருந்து, ஆர்டர் செய்வதற்கு முன்பே நீட்டுங்கள். புத்த மடங்களின் ‘ஷோஜின்’ உணவு இறைச்சியும் மீனும் இல்லாதது. கோயா மலைக் கோயில்களில் தங்கினால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

மொழிபெயர்ப்புச் செயலியில் பேச்சுத் தமிழைப் பேசினால் விளைவு விபரீதமாகும். எழுத்துத் தமிழில், எழுவாயுடன், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி என்று சொல்லி, வந்த ஜப்பானிய வாக்கியத்தைத் திரும்பத் தமிழாக்கிப் பார்த்த பிறகே காட்டுங்கள். மொழித் தொகுப்பை ஊரிலேயே பதிவிறக்கிக்கொள்வது நல்லது. கேமரா மொழிபெயர்ப்பு அச்சிட்ட பட்டியல்களுக்கு ஏற்றது, சுவரில் தூரிகையால் எழுதித் தொங்கவிட்ட பட்டியல்களில் தடுமாறும்.

முறையாகக் கற்க விரும்புபவர்களுக்கு ஜப்பான் அறக்கட்டளையின் ‘இரொதொரி’ பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்னும் அமைப்பு வகுப்புகள் நடத்துகிறது. ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் பேச்சுப் பகுதி இல்லை என்பதால், பயணத்துக்காக மட்டும் படிப்பவர் அச்சான்றிதழைத் துரத்த வேண்டியதில்லை.

கடைசியாக அவசர நிலை. விடுதியின் பெயரும் முகவரியும் ஜப்பானிய எழுத்தில் உள்ள அட்டையை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருங்கள். வழி தவறினால் ‘கோபன்’ எனப்படும் தெருமுனைக் காவல் சாவடியில் அதைக் காட்டினால் போதும். காவல்துறைக்கு 110, தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119. 119-ஐ அழைத்தவுடன் முதலில் ‘கஜி தெஸ் க, க்யூக்யூ தெஸ் க’ என்று கேட்பார்கள். தீயா, ஆம்புலன்ஸா என்று பொருள். ‘க்யூக்யூ தெஸ்’ என்று பதில் சொல்லிவிட்டு, முகவரியைப் படிக்க அருகிலிருப்பவர் கையில் தொலைபேசியையும் அட்டையையும் கொடுத்துவிடுங்கள்.