இன்டேக் குழாயின் நீளம் மாறும் என்ஜின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"3500 ஆர்பிஎம் வரைக்கும் நல்லா இழுக்குது, அதுக்கு மேல மூச்சு முட்டுது" என்றார் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கும் நண்பர். இரண்டு பட்டறைகள் ஏறி இறங்கி, பிளக் மாற்றி, இன்ஜெக்டர் கழுவி, பெட்ரோல் பம்பு வரை போய்விட்டார்கள். கடைசியில் பார்த்தால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டு ஓரத்தில் இருந்த ஒரு சின்ன வேக்கம் ஹோஸின் முனையில் மயிரிழை விரிசல். வளைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்கே தெரியும்.

அந்த ஹோஸுக்கும் பிக்கப்புக்கும் என்ன உறவு? பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை உறிஞ்சும்போது, இன்டேக் குழாயில் ஓர் உறிஞ்சல் அலை வெளிப்பக்கமாக ஓடுகிறது. குழாயின் திறந்த வாயை எட்டியதும் அது அழுத்த அலையாக மாறித் திரும்பி வருகிறது. வால்வு மூடப் போகும் தறுவாயில் வந்து சேர்ந்தால், கூடக் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளிவிடும். 40 செ.மீ. குழாயில் இந்த அலை போய்வர ஏறக்குறைய 2.4 மில்லி செகண்ட் ஆகும். அலையின் வேகம் ஒலியின் வேகம்தான். என்ஜின் அவசரப்பட்டாலும் அது அவசரப்படாது. ஆனால் 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றில், ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட், 6000ல் வெறும் 10. அதனால்தான் கீழ் வேகத்துக்கு நீளக் குழாய், மேல் வேகத்துக்குக் குட்டைக் குழாய். இரண்டுக்கும் நடுவே மாற்றிவிடுவது ஃபிளாப் என்ற சின்னக் கதவு; திறந்தால் குட்டை வழி. அதை நகர்த்தும் வேக்கம், அதாவது உறிஞ்சும் விசை, நண்பர் காரில் அந்த ஹோஸ் வழியாகத்தான் வருகிறது. நாதஸ்வரத்தில் நீளமான பாரிக்குத் தாழ்ந்த சுருதி, குட்டையான திமிரிக்கு உயர்ந்த சுருதி என்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

இது புரியாமல் செய்யும் முதல் தவறு, "குட்டைக் குழாய்தானே பவர்" என்று ஃபிளாப்பை நிரந்தரமாகத் திறந்து கட்டிவிடுவது. இந்த அமைப்பு சும்மா பவரைக் கூட்டித் தரும் சாதனம் இல்லை. டார்க், அதாவது இழுவை, எந்த ஆர்பிஎம்மில் உச்சத்துக்கு வர வேண்டும் என்பதை நகர்த்துகிறது, அவ்வளவுதான். திறந்து கட்டினால் 2000 ஆர்பிஎம்மில் இருந்த இழுவை குறையும். நகர டிராஃபிக்கில் நாம் ஓட்டுவது பெரும்பாலும் அங்கேதான். 1991 லே மான்ஸில் வென்ற மஸ்தா 787பி போன்ற பந்தயக் காரிலேயே குழாயைக் குட்டையாக நிறுத்திவிடாமல், வேகத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்கும்படி வைத்திருந்தார்கள்.

ஏர் ஃபில்டர் குழாயைக் குட்டையாக மாற்றிவிட்டு "ரன்னரைக் குறைத்துவிட்டேன்" என்பது இன்னொரு தவறு. ரன்னர் என்பது நாம் பேசும் இன்டேக் குழாய்தான். இங்கே கணக்கில் வரும் நீளம், மேனிஃபோல்டின் காற்று அறையிலிருந்து வால்வு வரை உள்ளது. காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கு முன்னால் என்ன மாற்றினாலும் அந்த நீளம் மாறாது. சத்தம் மட்டும் நன்றாக வரும்.

பழுது பார்க்கும்போதுதான் பணம் அதிகம் வீணாகிறது. ஸ்கேனரில் மேனிஃபோல்டு பெயரில் பிழைக் குறியீடு வந்ததும் முழு மேனிஃபோல்டையும் மாற்றச் சொன்னால், சரி என்று உடனே தலையாட்டாதீர்கள். முதலில் வேக்கம் ஹோஸ், அப்புறம் வேக்கத்தைத் திறந்து மூடும் மின் வால்வான சோலினாய்டு, அதன் பிறகு ஃபிளாப்பை நகர்த்தும் ஆக்டுவேட்டரின் தண்டு. பானெட்டைத் திறந்து, ஒருவரை ஆக்ஸிலரேட்டர் மிதிக்கச் சொல்லித் தண்டைப் பாருங்கள். நகர்ந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. நகராவிட்டால் உடனே கெட்டுவிட்டது என்றும் முடிவு கட்ட வேண்டாம். சில என்ஜின்களில் வண்டி பாரம் இழுக்கும்போது மட்டும்தான் கம்ப்யூட்டர் அதை நகர்த்தும். வேக்கம் போனால் ஃபிளாப் எந்தப் பக்கம் நிற்கும் என்பதும் மாடலுக்கு மாடல் வேறு. நண்பர் காரில் நீளக் குழாயிலேயே நின்றுவிட்டதால் மேலே மூச்சு முட்டியது. வேறொரு காரில் இதே விரிசல் கீழ் வேகத்தில் சோம்பலாகத் தெரிந்திருக்கும்.

டீசல் வண்டிகளில் காற்றைச் சுழற்றிவிடும் ஸ்வர்ல் ஃபிளாப்பையும் இதையும் ஒன்று என்று நினைத்து, "எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்பார்கள். அது வேறு வேலை செய்கிற வேறு பாகம். உங்கள் காரில் எது இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 2006ல் வந்த ஹோண்டா சிவிக் 1.8ல் இரண்டு நிலை மேனிஃபோல்டு உண்டு. டர்போ கார்களில் கீழ் வேக டார்க்கை டர்போவே பார்த்துக்கொள்வதால் இது அபூர்வம்.

எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்ட ஃபிளாப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக் தண்டு, சட்டென்று முறியும். க்ளீனர் அடித்து, ஊற விட்டு, கையால் மெல்ல அசையுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, மேனிஃபோல்டிலிருந்து வரும் கடகட சத்தத்தை டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் என்று விட்டுவிடுவது. பிஎம்டபிள்யூ எம்54 என்ஜினில் டிசா வால்வு என்று அழைக்கப்படும் ஃபிளாப்பைப் பிடித்திருக்கும் ஆணி தேய்ந்து கழன்று, என்ஜினுக்குள்ளேயே போய்விடும் என்பது ஊரறிந்த கதை. கழற்றிப் பார்க்கும்போது அந்த ஆணி இடத்தில் இல்லையென்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எந்த ரன்னருக்குள் கிடக்கிறது என்று டார்ச் அடித்துத் தேடி எடுத்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.