பயிர், கால்நடை ஆய்வாளரின் பங்களிப்பை எடைபோடுவது எப்படி?

சிங்கப்பூரில் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியைத் தேடும் மாணவருக்கும், அறிவியல் செய்தி எழுதுவோருக்கும், ஒரு வேளாண் ஆய்வாளரின் பணி எவ்வளவு தூரம் பயன்பட்டிருக்கிறது என்று கண்டறிய வேண்டிய தேவை எழுவதுண்டு. பலரும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளத்தைத் திறந்து, பிற கட்டுரைகள் அவருடையவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளன என்று அங்கே தெரியும் எண்ணைக் குறித்துக்கொண்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். பயிரும் கால்நடையும் சார்ந்த துறையில், வயலையும் பண்ணையையும் விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது பொருந்தாது.

முதலில், பட்டியலில் இருப்பவர் நீங்கள் தேடும் ஆள்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே சீனக் குடும்பப் பெயரைக் கொண்ட ஆய்வாளர்கள் ஏராளம். நம்மவர்களோ தந்தை பெயரின் முதலெழுத்தை ஒரு கட்டுரையில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போட்டுக்கொள்வதால், ஒருவரே தரவுத்தளத்தில் இருவராகிவிடுகிறார். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியே தரப்படும் ஆர்கிட் (ORCID) எனப்படும் 16 இலக்க அடையாள எண் இருந்தால் அதைக் கொண்டு சரிபார்ப்பது எளிது.

அடுத்தது எச்-குறியீடு. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த இந்த அளவின்படி, ஒருவருடைய கட்டுரைகளில் 20 மட்டும் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய குறியீடு 20 ஆகும். அவற்றுள் ஒன்று 2,000 முறை எடுத்தாளப்பட்டிருந்தாலும் குறியீடு கூடாது. தாவர மூலக்கூறு உயிரியலில் உழைப்போர் கூட்டம் பெரிது, முட்டைக்கோழித் தீவனத்தை ஆராய்வோர் கூட்டம் சிறிது என்பதால், இரு துறையினரின் எண்களை அருகருகே வைப்பது அநியாயம். ஒரே துறையில், ஏறத்தாழ ஒரே காலம் பணியாற்றியவர்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களின் எண்ணிக்கையை, ஆளின் மதிப்பாகக் கொள்ளக் கூடாது என்பதை, 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான, ஆய்வு மதிப்பீடு பற்றிய டோரா பிரகடனமும் வலியுறுத்துகிறது.

பிறகு, மூன்று நான்கு கட்டுரைகளையாவது படியுங்கள். உயிர் அறிவியலில் பெரும்பாலும் ஆசிரியர் பட்டியலின் முதல் பெயர் சோதனைகளைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத் தலைவருடையது. மேற்கோள் காட்டியவர்கள் அந்த முறையையோ விதையையோ உண்மையில் பயன்படுத்தினார்களா, முன்னுரையில் பெயரளவில் குறிப்பிட்டார்களா என்பதையும் கவனியுங்கள்.

உண்மையான வேலை இதற்குப் பிறகே தொடங்குகிறது. பொங்கோல் பன்றிப் பண்ணைகளை மூடும் முடிவு 1984-இலேயே எடுக்கப்பட்டுவிட்ட சிங்கப்பூரில், கால்நடை ஆய்வின் இடத்தைப் பெருமளவு மீன்வளர்ப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது. தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் பிறருடன் இணைந்து கொடுவா மீனின் மரபணுத்தொகுதியை 2016-இல் வெளியிட்டார்கள். அக்கட்டுரைக்கு எத்தனை மேற்கோள்கள் என்பதை மேசையில் இருந்தபடியே எண்ணிவிடலாம். ஆனால் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்த குஞ்சுகளை எந்தப் பண்ணைகள் வாங்கின, வளரும் காலம் குறைந்ததா, இறப்பு குறைந்ததா என்பவற்றைப் பண்ணையாளரிடம்தான் கேட்க வேண்டும். பயிர்களுக்கும் இதே கதைதான். சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் ஒரு புதிய தாவர ரகம் பதிவாகியிருப்பது, உரிமை யாருடையது என்பதைக் காட்டுமே தவிர, யாராவது அதைப் பயிரிடுகிறார்கள் என்பதைக் காட்டாது. காப்புரிமையும் அப்படியே, யாருக்காவது உரிமம் வழங்கப்பட்டதா என்று கேளுங்கள். நெல் ஆய்வென்றால் வயல்கள் இந்தோனீசியாவிலோ தமிழ்நாட்டிலோ இருக்கக்கூடும் என்பதால், அந்தந்த நாட்டின் விதை விற்பனைக் கணக்கைத் தேடிப்பாருங்கள்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் வெட்டும் முறையை 1890-களில் உருவாக்கியபோது, ரப்பர் பயிரிடச் சொல்லி அவர் விடாமல் வற்புறுத்தியதைக் கண்டு அவருக்குக் கிறுக்கர் என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். மோட்டார் வாகனங்கள் பெருகிய பிறகு மலாயா எங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. பால்மரம் வெட்ட நம் முன்னோர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டார்கள். 1895-இல் அளந்திருந்தால் ரிட்லியின் பங்களிப்பு ஒன்றுமில்லை என்றே வந்திருக்கும். தாக்கம் என்றாலே நன்மை என்று எண்ணுவோர், அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கையையும் அதே கணக்கில் சேர்க்கட்டும்.

பங்கைப் பிரித்துப் பார்ப்பதே மிகக் கடினம். மாடுகளைக் கொன்றுகுவித்த வெக்கை நோய் உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. கென்யாவில் கால்நடை மருத்துவ ஆய்வாளர் வால்டர் பிளவ்ரைட் குழுவினர் உருவாக்கிய தடுப்பூசி அதற்கு அடித்தளம். ஆயினும் வெப்பம் தாங்கும் வகையைப் பின்னர் உருவாக்கியவர்களும், ஊர் ஊராகச் சென்று ஊசி போட்டவர்களும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆகவே, "இவர் நோயை ஒழித்தார்" என்று எழுதாமல், அந்தத் தொடரில் எந்தக் கண்ணி அவருடையது என்று குறிப்பிடுங்கள்.

குறிப்பெழுதும்போது, பண்ணையிலோ வயலிலோ சான்று கிடைத்தவற்றுக்கு மட்டும் "பயன்பட்டது" என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். ஆய்வுக்கூடத்தோடு நின்றவற்றைத் தனிப் பத்தியில், "பயன்படக்கூடும்" என்று தேதியுடன் எழுதிவைத்தால், சில ஆண்டுகள் கழித்து அதே பட்டியலைத் திறந்து சரிபார்க்கலாம்.