பழைய கார் ஏலத் தொடரைப் பார்த்துவிட்டு ஏலத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயரில், பிக்கரிங் நகருக்கு அருகே தார்ன்டன்-லெ-டேல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே டெரெக் மாத்யூசன் தம் மகன்களோடு நடத்திவரும் பழைய கார் ஏல நிறுவனத்தின் அன்றாட வேலைகளைக் காட்டும் தொடர்தான் ‘பேங்கர்ஸ் அண்ட் கேஷ்’. ஓட்டை உடைசல் காரை பிரிட்டனில் பேச்சுவழக்கில் ‘பேங்கர்’ என்பார்கள். 2019-இல் யெஸ்டர்டே அலைவரிசையில் தொடங்கிய இந்தத் தொடருக்குப் பழைய கார் பிரியர்களிடையே பெரும் வரவேற்பு கிடைத்தது. அதில் வியப்பில்லை. கொட்டகையில் பல ஆண்டுகளாகத் தூசி படிந்து கிடந்த காரைத் தேடிப் போய், அதை வைத்திருந்த மனிதரின் கதையைக் கேட்டு, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஏலத்தில் விட்டுப் பணத்தை உரியவர் கையில் சேர்ப்பது வரை ஒரு குடும்பம் பொறுப்போடு செய்யும் வேலையைப் பார்ப்பதில் உண்மையான நிறைவு இருக்கிறது.

அந்த நிறைவோடு அடுத்த மாதமே ஏதோ ஓர் ஏலத்தில் பதிவு செய்துகொண்டு கை தூக்கிவிடுகிறவர்கள் பலர். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு காரின் கதை முழுவதும் தொடரில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஏலத்துக்கு முந்தைய நாளும் அதற்குப் பிந்தைய மாதங்களும் வாங்கியவரோடுதான் தங்குகின்றன. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை திரையில் வராத அந்த நேரத்தில்தான் நிகழ்கின்றன.

முதல் தவறு, திரையில் தோன்றும் தொகையைக் காரின் விலையாக எடுத்துக்கொள்வது. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் என்று சுத்தியல் விழும்போது அறிவிக்கப்படுவது ஏலத்தொகை மட்டுமே. அதற்கு மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரவேண்டிய கட்டணம் ஒன்று உண்டு. அந்தக் கட்டணத்தின் மீது 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் உண்டு. ஒரு கார் 5,000 பவுண்டுக்கு முடிந்தது, கட்டணம் 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், கட்டணம் 500, அதன் மீது வரி 100, ஆக 5,600 பவுண்டு கையைவிட்டுப் போகும். கட்டண விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், பட்டியலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படிக்காமல் உச்சவரம்பு போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதற்குச் சமம். காரை வீடு கொண்டு சேர்க்கும் வாடகை, குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் கேட்கப்படும் நிறுத்திவைப்புக் கட்டணம் ஆகியவற்றையும் முதலிலேயே கழித்துவிட்டு, மிஞ்சுவதைத்தான் ஏலத்தில் கேட்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, பழைய அத்தியாயங்களை விலைப்பட்டியலாகப் பயன்படுத்துவது. ஓர் அத்தியாயம் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகும். அதில் வரும் விலையோ படமெடுத்த நாளின் விலை. மேலும், ஏலத்தில் விலையை உயர்த்துவதற்கு ஒரே காரை விரும்பும் இரண்டு பேர் போதும். அவர்களில் ஒருவர் அன்று வரவில்லையென்றால் அதே கார் பாதி விலைக்கும் போகலாம். ஒற்றை விற்பனையை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, படங்களை மட்டும் பார்த்து ஏலம் கேட்பது. இணையத்தில் அமர்ந்தபடியே ஏலம் கேட்கும் வசதி வந்த பிறகு இது மிகவும் கூடிவிட்டது. முன்பார்வைக்கு என்று ஒதுக்கப்பட்ட நாளில் நேரில் போய், பழைய துணி உடுத்திக்கொண்டு, தரையில் முதுகு பதியப் படுத்துக் காரின் அடிப்பகுதியைப் பார்க்காதவர் அந்தக் காரைப் பார்த்ததாகவே நான் கருதமாட்டேன். பிரிட்டனின் ஈரமும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்து அந்நாட்டுக் கார்களை அடியிலிருந்து தின்கின்றன. மேலே பளபளக்கும் பெயிண்ட் அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஒரு முன்பார்வை நாளில் நான் பார்த்த மொரிஸ் மைனரைச் சொல்கிறேன். இலங்கையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அங்கே இன்னும் சாலைகளில் ஓடுகிறது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த அந்தச் சிறிய கார் 16 லட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டது. நான் பார்த்த வண்டி வெளிர்பச்சை நிறம். இருக்கைகளின் சிவப்புத் தோல் அழகாகச் சுருங்கியிருந்தது. கதவை மூடினால் ‘டப்’ என்று நல்ல சத்தம் வந்தது. சட்டைப்பையில் இருந்த சிறு காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற பகுதியில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டு போனேன். முன்சக்கரத்திலிருந்து ஒரு முழம் வரை இழுத்துப் பிடித்தது. அதற்குப் பிறகு கை லேசாகிவிட்டது. காந்தம் ஒட்டவே இல்லை. அங்கே தகரமே இல்லை, பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கீழே படுத்துப் பார்த்தபோது முன் இருக்கைகளுக்கு அடியில் குறுக்கே ஓடும் தாங்கு சட்டத்தின் முனையில், பழைய துரு மீதே புதுத் தகரத்தை வைத்துப் பற்றவைத்திருந்தது தெரிந்தது. ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டிய இடம் அது. அந்த இடம் போனால் வண்டியின் உறுதியே போயிற்று.

எந்தக் காருக்கு எந்த இடம் நோவு என்பதை வீட்டிலேயே படித்துவிட்டுப் போவது நல்லது. மொரிஸ் மைனருக்கு முன்பக்கச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கால்கள், பின் ஸ்பிரிங் பூட்டப்படும் இடங்கள். அதே காரின் டிராவலர் வகையில் பின்பகுதியைச் சுற்றி வரும் ஆஷ் மரச்சட்டம் அலங்காரத்துக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் கூரையையும் பக்கங்களையும் தாங்குவதே அந்த மரம்தான். ஆகவே அது உளுத்திருந்தால் தச்சரையும் தேட வேண்டும், பணமும் நிறைய வேண்டும். 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி காருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. பல அடுக்குத் தகரத்தால் ஆன சில் பகுதிதான் உடலைத் தாங்குகிறது, எனவே வெளி அடுக்கு புதிதாக மின்னினால் உள் அடுக்கைப் பற்றிக் கேட்க வேண்டும். டிரையம்ப் ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. சென்னைப் புறநகரில் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ என்ற பெயரில் தயாரானது இதே கார்தான் என்பதால் நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு அதன் பானெட் நினைவிருக்கும்: முன்பக்கத் தகரம் முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். ஏலத்துக்குப் போகிறவருக்கு இது ஒரு வரம். அனுமதி கேட்டு அதைத் திறந்துவிட்டால் எஞ்சினும் முன் சேஸிஸும் ஸ்டியரிங்கும் ஒரே பார்வையில் கிடைத்துவிடும்.

டயரைப் பார்க்காமல் விடுவதும் தவறு. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். ‘2309’ என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பள்ளங்களின் ஆழம் புதிதுபோல் இருந்தாலும், வயதாகி ரப்பர் வெடித்த டயரில் நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடாது. டயரின் வயது இன்னொன்றையும் சொல்லும்: கார் எத்தனை ஆண்டுகளாகச் சும்மா நிற்கிறது என்பதை.

அடுத்து காகிதங்கள். பிரிட்டனில் காரோடு வரும் வி5சி என்ற பதிவு ஆவணத்தை உரிமைப் பத்திரமாக எண்ணிவிடுகிறார்கள். காரைப் பதிவு செய்து வைத்திருப்பவர் யார் என்பதைத்தான் அது காட்டுகிறது. உரிமைக்கு அது சான்றாகாது என்று அந்த ஆவணமே அச்சிட்டுச் சொல்கிறது. அதில் உள்ள சேஸிஸ் எண்ணும் காரில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று எண் எண்ணாக ஒப்பிட வேண்டும். தகடு புதிதாகவும் அதைப் பிடிக்கும் ரிவெட் வேறு மாதிரியாகவும் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஆஸ்டின், மொரிஸ், எம்ஜி போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு, கேடன் ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தின் காப்பகம் தொழிற்சாலைப் பதிவேடுகளின் அடிப்படையில் சான்றிதழ் தருகிறது. கார் எந்த நிறத்தில், எந்த எஞ்சினோடு ஆலையை விட்டு வெளியேறியது என்பது அதில் தெரிந்துவிடும். விலையுயர்ந்த மாடல்போல் மாற்றப்பட்ட சாதாரண மாடலில் ஏமாறாமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை அப்படியே நம்புவதும் கூடாது. பழைய கார்களின் மீட்டரில் பெரும்பாலும் ஐந்து இலக்கம்தான்; 99,999 மைலுக்குப் பிறகு அது மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். ‘42,000 மைல்தான்’ என்று பட்டியலில் எழுதியிருந்தால், அதற்கு ஆதாரமான பழைய எம்ஓடி (சாலைத் தகுதிக்கான ஆண்டுச் சோதனை) சான்றிதழ்களும் பணிமனை ரசீதுகளும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

எம்ஓடி பற்றியே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. இதைச் ‘சோதனை தேவையில்லாத அளவுக்கு நல்ல கார்’ என்று படித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சோதனையிலிருந்து விலக்கு பெற்ற கார் என்றால், அதன் அடியை நீண்ட நாளாக யாருமே பார்க்காமல் இருந்திருக்கலாம் என்றுதான் கொள்ள வேண்டும். சாலையில் ஓட்டத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு ஓட்டுபவருக்கு அப்போதும் உண்டு. சாலை வரியிலும் அப்படியே: பழம்பெரும் கார் என்ற வகைக்கு வரி இல்லை என்றாலும் அந்த வகைக்கு விண்ணப்பித்து மாற்ற வேண்டும்; கட்டணம் சுழியமானாலும் வரிப் பதிவு கட்டாயம்; பழைய உரிமையாளரின் பதிவு வாங்கியவருக்குக் கைமாறாது. ஆகவே வரியும் காப்பீடும் இல்லாமல் ஏலக்களத்திலிருந்து ஓட்டிக்கொண்டு கிளம்புவது குற்றம். தொடரில் ஏன் எப்போதும் லாரி வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏலம் நடக்கும் நேரத்தில் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் எழுதிவைத்த தொகையைத் தாண்டுவது. ‘இன்னும் ஒரு நூறுதானே’ என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். பிரிட்டனின் 1979-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டப்படி சுத்தியல் விழுவதற்கு முன் ஏலக்கேள்வியைத் திரும்பப் பெறலாம். விழுந்துவிட்டால் விற்பனை முடிந்தது. நேரில் கலந்துகொள்ள வாய்ப்புள்ள பொது ஏலத்தில் பழைய பொருளை வாங்குகிறவருக்கு, கடையில் வாங்குகிறவருக்கு உள்ள நுகர்வோர் பாதுகாப்புகளில் பெரும்பகுதி பொருந்தாது. ‘உள்ளபடியே விற்கப்படுகிறது’ என்ற வரி வெறும் சம்பிரதாயத்துக்கு எழுதியது அன்று.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சாவியைத் திருகுவது மனம் நிறைந்தவர் செய்யும் தவறு. அதனால்தான் அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். பத்து ஆண்டு நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் உருளையோடு துருவால் ஒட்டியிருக்கலாம்; டேங்கில் கிடக்கும் பெட்ரோல் பிசின்போல் ஆகியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வோர் உருளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் பொறுத்து, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே பேட்டரி பக்கம் போக வேண்டும். எரிபொருள் ரப்பர் குழாய்களையும் மாற்ற வேண்டும். 2021 செப்டம்பரில் பிரிட்டனில் அறிமுகமான, 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். கசிவு சூடான எஞ்சின்மேல் விழுந்தால் காரே எரிந்துபோகும்.

விற்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். அப்பாவின் காரை ஏலத்துக்கு அனுப்பும் பிள்ளைகள், மரியாதையாக இருக்கட்டும் என்று அவசரமாகப் பெயிண்ட் அடித்து அனுப்புவதுண்டு. அனுபவமுள்ள வாங்குபவர் புதுப் பெயிண்டைக் கண்டால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்றுதான் அஞ்சுவார். கொட்டகைத் தூசியோடு வரும் நேர்மையான காருக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்பார். அதைவிடப் பெரிய இழப்பு, வீட்டைக் காலி செய்யும்போது காரின் பழைய காகிதங்களைக் குப்பையில் போடுவது. நான் கடைசியாக வாங்காமல் திரும்பிய ஒரு ஹெரால்டு இருக்கிறது. அதைவிடச் சுமாரான இன்னொன்று, அன்றே, அதைவிட நல்ல விலைக்குப் போனது. அதன் இருக்கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றியபோதும் தேதி, மைல் கணக்கு, எண்ணெயின் பெயர் ஆகியவற்றை ஒரே பேனாவால், ஒரே கையெழுத்தில் எழுதிவைத்த சிறு நோட்டுப் புத்தகங்கள் அதற்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.